நாலாம் அறையில் ஈரம்

பதினோரு வருஷமாக ஒரே நாற்காலி. அருங்காட்சியகத்தின் நாலாம் அறையில், நீர்த்தேவி ஓவியத்துக்கு நேர் எதிரே. அதில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்வதுதான் அவள் வேலை. நாலாம் ரூம் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சம்பளம் போடுகிற கிளார்க்குக்கே அவள் சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது.

தேவியைப் பற்றி அக்காவுக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு. பாவம், கணுக்கால் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறாள், இடுப்பில் குடம் வேறு. ஒருத்தராவது அவளை உட்காரச் சொன்னார்களா? தனக்காவது நாற்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்த நாற்காலியும் தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை "இன்னும் ஆறு மாசம்" என்று ஒரு தாள் வரும். ஒருவழியாக இப்போதுதான் நிரந்தர உத்தரவு தட்டச்சாகி, அருங்காட்சியகப் பொறுப்பிலிருக்கும் காப்பாட்சியர் அம்மாவின் மேஜைக்குப் போயிருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி.

அந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் வரவேண்டும்?

மூன்று வாரத்துக்கு முன்னால் தேவியின் காலடியில் ஒரு கறுப்பு தெரிந்தது. படத்தைத் தொடக்கூடாது என்பதால், அக்கா எட்ட நின்று கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரலால் அளந்தாள். திங்கட்கிழமை ஒரு விரல். வியாழக்கிழமை இரண்டு. அடுத்த வாரம் கறுப்பு முழங்காலைத் தொட்டது. அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதிகாரிகளின் கழிப்பறை. மேலே யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால் நாலாம் அறையில் சத்தம் கேட்கும். சுவரில் இறங்குகிற தண்ணீர் படச் சட்டத்தின் அடியில் தேங்கி, அங்கிருந்து மேலே ஏறுகிறது.

வேலை முடிந்து போகும்போது பதிவேட்டில் குறை எழுத வேண்டும் என்பது விதி. அதில் மூன்று கட்டம்: காட்சிப்பொருள், விளக்கு, துப்புரவு. ஈரம் என்றால் துப்புரவுதானே என்று, அந்தக் கட்டத்தில் 'நாலாம் அறையில் ஈரம்' என்று எழுதினாள். மறுநாள் காலையில் துப்புரவுக்காரர் வந்து தரையைத் துடைத்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதிப் போனார். மறுபடி எழுதினாள். மறுபடி துடைத்தார். மூன்றாம் தடவை கோபத்தில் 'தரையில் இல்லை, சுவரில்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அந்தப் புண்ணியவான் ஏணி கொண்டுவந்து, படத்தைச் சுற்றிச் சுவரையும் துடைத்துவிட்டு 'முடிந்தது' என்றே எழுதினார். மூன்றுக்கும் கீழே காப்பாட்சியர் அம்மாவின் அழகான கையெழுத்து இருந்தது.

இனி நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மாடிக்குப் போனாள். காப்பாட்சியர் அம்மா கெட்டவர் இல்லை. கிடங்கில் தூசியில் கிடந்த தேவியைச் சண்டை போட்டு வெளியே கொண்டுவந்தவரே அவர்தான்.

"மேடம், நம்ம தேவி படத்துல கால்கிட்ட கறுப்பா..."

"அக்கா! நீங்களும் பாத்துட்டீங்களா?" அவர் துள்ளி எழுந்தார். "போன மாசம் படத்தைச் சுத்தம் பண்ணினோம்ல, அதுல வெளிய வந்திருக்கு. இத்தனை வருஷமா மேல்பூச்சுக்குள்ள அமுங்கிக் கிடந்த கறுப்பு அலை. பெண்ணோட கோபம் அக்கா அது! வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க கூட்டத்துல இதைத்தான் பேசப் போறேன்."

"இல்ல மேடம், அது வந்து..."

"உங்க ஆர்டர் இங்கதான் இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் மொத வேலை அதுதான்."

அக்கா அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தாள். வந்த வழியே இறங்கிவிட்டாள்.

வீட்டில் பேருந்து ஓட்டும் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே புத்தி சொன்னான். "பதினோரு வருஷம் பொறுத்தே. நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? படம் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"கெட்டுப் போச்சுன்னா காவல் இருந்தவளைத்தானே கேப்பாங்க?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். குழாய்ச் சத்தம் கேட்டதும் இவளுக்குத்தான் நாலாம் அறைச் சுவர் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாலாம் அறை நிரம்பி வழிந்தது. கறுப்பு குடம் வரை ஏறியிருந்தது. காப்பாட்சியர் அம்மா குச்சியை நீட்டிப் பேசினார். உண்மையிலேயே நன்றாகத்தான் பேசினார். "இவள் வரம் கொடுக்க நிற்பவள் அல்ல. ஒடுக்கப்பட்ட பெண் பேசத் தொடங்கும் கணம் இது. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். காது கொடுத்துக் கேட்பது!"

கைதட்டல் அறையை அதிரவைத்தது. கேட்பதாமே, கேட்பது! அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் மாடியில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சட்டத்தின் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது. இன்னொன்று திரண்டது. தேவியின் சுண்டுவிரல் பக்கம் வண்ணம் அப்பளமாய்ப் பொரிந்து எழும்பியது.

ஐயோ, போகிறாளே! அவ்வளவுதான் தோன்றியது. உத்தரவு, புருஷன், விருந்தினர் எல்லாம் மறந்துபோயின. விறுவிறு என்று நடந்து போய், இத்தனை வருஷமாக யாரையும் தொடவிடாத படத்தின் சட்டத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் முழங்கை வழியே ஒழுகியது.

"அக்கா! என்ன பண்றீங்க? தொடாதீங்க!" காப்பாட்சியர் அம்மா அலறினார்.

"மேடம், இது பொம்பளையோட கோபம் இல்ல மேடம். மாடி கக்கூஸ் குழாய் ஒழுகுது!"

பாத்ரூம் என்றாவது சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை வெட்கப்பட்டாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் ஓடிவந்து படத்தை இறக்கினார்கள். பின்னால் சுவர் பூசணம் பிடித்து ஊறிக் கிடந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லல?" காப்பாட்சியர் அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"மூணு தடவை எழுதினேன் மேடம். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ பதிவேட்டைக் கேட்டார்கள். காப்பாட்சியர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அக்காவுக்கு ஒரு தாள் வந்தது. காட்சிப்பொருளைத் தொட்டதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். புருஷன், "கால்ல விழுந்துடு, மன்னிப்புக் கேட்டு எழுது" என்றான். எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். மூன்றாம் நாள் ஒரே வரி மிஞ்சியது: 'சொன்னது காதில் விழவில்லை, அதனால் தொட்டேன்.'

அதை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். காப்பாட்சியர் அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அவர் கண் கலங்கியிருந்ததா, அக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கப் பயம். ஓவியம் பிழைத்துவிடும், சுண்டுவிரல் மட்டும்தான் போயிற்று என்று அவர் மெதுவாகச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து நிரந்தர உத்தரவை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றி, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினார்.

இந்த நேரத்தில் வாயைத் திறப்பாளா ஒருத்தி? திறந்தாள்.

"மேடம், படிச்சிட்டுப் போடுங்க."