மாமா குடித்த அரை டம்ளர் காபி

பெங்களூர் ரயிலில் உட்கார இடம் கிடைத்திருந்தது. ஊரிகம் ஸ்டேஷன் வருவதற்குள் வீட்டுக்காரர் போன் செய்தார். "அப்பாவுக்குக் காபி குடுக்கப் போனேன். எழுந்துக்கல. எறங்கி வா." ஊரிகத்தில் இறங்கி ஓடி வந்தேன்.

மாமா, அதாவது என் மாமனார், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கூண்டுக்கு மணி அடித்தவர். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு அவர் மணிக்குத்தான் நகரும். "ஒத்த மணின்னா நிறுத்துன்னு அர்த்தம். சந்தேகம் வந்தா அடிச்சிடணும். திட்டினா திட்டட்டும்" என்பார். அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலரிடமும் சொல்லியிருப்பார்.

போன வருஷம், தொண்ணூற்றொரு வயதில், காய்ச்சலோடு கண் மஞ்சளாகிவிட்டது. பித்தக்குழாயில் கல். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். "இந்த வயசுல தாங்குவாரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டரம்மா மறைக்கவில்லை. "ரத்தம் வரலாம், கணையம் வீங்கலாம். ஆனா வயசாயிடுச்சுன்னு விட்டா, அடைப்புல இருக்கிற சீழ் ரத்தத்துல கலந்துடும். அது இதவிட ஆபத்து."

மாமா குறுக்கே பேசினார். "என்னக் கேக்காம நீங்களே பேசினா இன்னா அர்த்தம்? எடுங்க."

மறுநாள் காலையில் வாய் வறண்டு காபி கேட்டார். எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்துதான் கொடுத்தேன். இதுவே அவருக்குக் கடைசிக் காபியாகிவிட்டால் என்கிற பயம். அரை டம்ளர்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்த பிறகு, "காலையில ஏதாவது குடிச்சீங்களா, தாத்தா?" என்று டாக்டரம்மா கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா."

வண்டி கதவைத் தொட்டுவிட்டது. "நிறுத்துங்க! பால் காபி குடுத்துட்டேன்" என்று கத்திவிட்டேன்.

"வயித்துல பாலோட மயக்க மருந்து குடுத்தா, வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். இந்த வயசுல பொழைக்கறது கஷ்டம்மா" என்று அந்த அம்மா கடிந்துகொண்டார். சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வராந்தாவில் எல்லோர் எதிரிலும், "உனுக்கு அறிவு கீதா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. மாமா நெற்றியில் கையை வைத்தபடி, நானே கொன்றுவிட்டேனோ என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

கல் வெளியே வந்துவிட்டது. இரண்டாம் நாள் இட்லி சாப்பிட்டார்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"உன்னத் திட்டுவாங்கன்னுதான்."

"திட்டினா திட்டட்டும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது வேலையில. நீ ஊட்டுப் பொண்ணு." கொஞ்சம் சிரித்தார். "ஆனா சரியான நேரத்துல மணிய அடிச்ச."

பிறகு பதினோரு மாதம் இருந்தார். தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திருப்பி அவர் கண்ணைப் பார்ப்பேன், மஞ்சள் திரும்பிவிட்டதா என்று. "இன்னா, தங்கம் தேடறியா? கம்பெனியே மூடிட்டான்" என்பார்.

அவர் போன அன்று மட்டும், ரயிலுக்கு நேரமாகிறது, தூங்கட்டும் என்று பார்க்காமல் கிளம்பிவிட்டேன். நெஞ்சு நின்றுவிட்டது, பித்தக்குழாயால் இல்லை என்றார் வந்து பார்த்த டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை. குளிப்பாட்டும் முன் இமையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

பார்க்காமல் போனதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். திட்டினால் திட்டுங்கள். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒத்த மணிதான்.