பேர் நிக்கும் என்று சொன்ன பாலா

கந்தப்பளை பஸ்ஸில் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதிபர் போட்டிருந்தார்: பாலா சேர் இன்று காலை காலமானார். நான் இரண்டாம் முறை வாசித்து முடிப்பதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. உயிரோடிருந்தபோது அவனுக்கு ஒரு வணக்கம் சொல்ல மறந்தவர்களின் கைகளும் அதில் இருந்தன. நான் எதுவும் போடவில்லை.

அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அவன் எப்போதும் அவன்தான். இறுதிச் சடங்கன்று பிரேதம் எடுப்பதற்கு முன்பே நான் கிளம்பிப் போனதை, உடன் வேலை செய்யும் உங்களில் பலரும் பார்த்தீர்கள். விளையாட்டு ஆசிரியர் மணி மறுநாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "முப்பது வருசக் கோவம் மயானம் வரைக்குமா சேர்?" அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே தேயிலைத் தோட்டம். மேல் பிரிவின் வரிசை வீடுகளில் அவன் லயம், கீழ்ப் பிரிவில் என் லயம். உயர்தரப் பரீட்சையை ஒன்றாக எழுதினோம். இருவருக்கும் கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழக இடம். அதே மாதம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நியமனமும் வந்தது. எதை எடுப்பது என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் லயங்களில் கம்பஸ் வாசலைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. பாலாதான் வழி கண்டுபிடித்தான்.

"ஒரு வருசம் படிப்பிச்சு, சம்பளம் எடுத்து வீட்டை நிமித்திட்டுப் போவோம்டா. கடுதாசி குடுத்தா பேர் நிக்கும்."

"நிக்குமா?"

"ஒங்க மாமா மூணு மாசம் இந்தியா போனாரே, பேர் வெட்டுனாங்களா? தொரைக்குக் கடுதாசி குடுத்துட்டுப் போனாரு. வந்த மறுநாளே காலைல பேர் கூப்புடுற பெரட்டுல நின்னாரு."

உண்மைதான். தோட்டத்தில் அதுதான் வழக்கம். தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் வேலைப் புத்தகத்தில் பெயர் அப்படியே இருக்கும். கம்பஸையும் ஒரு பெரிய தோட்டம் என்று நினைத்த இரண்டு பையன்கள் நாங்கள்; அதன் துரைக்குக் கடிதம் எழுதினோம். அவனுக்குத்தான் கையெழுத்து அழகு. எனக்கும் அவனே ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதித் தந்தான். நான் பேனையால் பிரதிபண்ணித் தபாலில் போட்டேன். பென்சில் தாள் என்னிடமே தங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் அம்மா என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். "தம்பி, பாலா நேத்தே நானுஓயாவுல ரயில் ஏறிட்டானே. ஒனக்குச் சொல்லலையா?" கொழும்பில் கடையில் வேலை செய்த அவன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, கம்பஸில் அப்படியெல்லாம் பெயரை நிறுத்தி வைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். பதிவுக்கு அப்போது இரண்டு நாள் இருந்தது. நான் கேள்விப்பட்டபோது பதிவு முடிந்துவிட்டது. எனக்கு வந்த பதில் இரண்டே வரி: இடத்தை ஒதுக்கி வைக்க இயலாது.

அவன் பட்டதாரியாகத் திரும்பி, நான் படிப்பித்துக்கொண்டிருந்த பாடசாலைக்கே வந்தான். வேலை செய்துகொண்டே படித்த வெளிவாரிப் பட்டம் என் கைக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது; அதற்குள் அவன் பகுதித் தலைவர். எதிரெதிர் மேசையில் இருந்து பாட நேரசூசியைத் தவிர எதையும் பேசாமல் வேலை செய்தோம். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் போடணும் சேர்" என்று மணி சிரிப்பார். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் பாலா ஒரே கேள்விதான் கேட்பான்: "எழுத்துல இருக்கா?" மாணவர்கள் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்வார்கள். பட்டதாரித் திமிர் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் என் மகள் தர்ஷினிக்குக் கம்பஸ் கிடைத்தது. கிடைத்த அன்றே அவள் சொன்னாள்: "அப்பா, ஒரு வருசம் கழிச்சுப் போறேன். எல்லாமே இங்கிலீஷ்ல படிப்பிக்கிறாங்களாம். ஒரு வருசம் இங்கிலீஷ் படிச்சிட்டுப் போனா பயமில்ல."

நான் கத்தினேன். ஏன் என்று அவள் கேட்டபோது காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் பாலாவின் பெயரைச் சொல்ல வேண்டும். என் வீட்டில் அந்தப் பெயரை நான் உச்சரிப்பதில்லை. ஒரு மாதம் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதிவு முடியும் நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. பாலாவின் அடக்கமும் அதே வெள்ளி, மூன்று மணிக்கு.

சாவு வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு மணியளவில் தர்ஷினி வந்தாள். கையில் போன். காலையில் வந்த பதிலைக் காட்டினாள். பதிவு செய்யாதவரின் இடம் ரத்தாகும், அடுத்த வருடத்துக்கு மாற்ற முடியாது.

"ஒன்ன யார் எழுதிக் கேக்கச் சொன்னது?"

"பாலா சேர்."

அவன் சுகவீன விடுமுறையில் இருந்தபோது, எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். போ என்றும் நில் என்றும் அவன் சொல்லவில்லையாம். "யார் வாய்ச்சொல்லையும் நம்பாத. அவங்ககிட்டயே எழுதிக் கேளு. ஒங்கப்பா என் வாய்ச்சொல்ல நம்புனவரு" என்றானாம். பிறகு அந்த இரண்டு நாள் கதையையும் சொல்லியிருக்கிறான்.

"ஒங்களுக்குச் சொல்லணும்னு மேல் பிரிவுல இருந்து எறங்கி வந்தாராம்பா. ஆத்துப் பாலம் வரைக்கும் வந்தாராம். பேர் நிக்கும்னு அடிச்சுச் சொன்னது அவருதானாம். இப்ப நிக்காதுன்னு ஒங்க முன்னாடி வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சாம். திரும்பிப் போயிட்டாராம்."

பொறாமை என்று நினைத்திருந்தேன். வஞ்சகம் என்று நினைத்திருந்தேன். ஒரு பையனின் வெட்கம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பாலத்திலிருந்து என் லயம் பத்து நிமிட நடை. இவ்வளவு சின்னக் காரணத்துக்காகவா என்ற கோபம், பழைய கோபத்தைவிடப் பெரிதாக வந்தது. அதைக் கேட்க வேண்டியவன் உள்ளே மாலைகளுக்கு நடுவில் படுத்திருந்தான்.

"பத்திரமெல்லாம் எங்க?" என்றேன்.

"வீட்ல."

நாங்கள் இறங்கி நடக்கும்போது பின்னால் தப்பு மேளச் சத்தம் எழுந்தது. வீட்டுக்குப் போய்ப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் டவுனுக்கு இறங்கி, இணையத்தில் விண்ணப்பம் அனுப்பித் தரும் காதர் நானாவின் கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்தபோது மூன்றேகால். மழைக்கு இணையம் நின்று நின்று வந்தது. "அவசரப்படாதீங்க மாஸ்டர், ஏறும்" என்று நானா ஒவ்வொரு தாளாக ஏற்றினார். கடைசிப் பொத்தானில் தர்ஷினி விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பயமா இருக்குப்பா. போகட்டா?"

ஒரு மாதத்துக்கு முன் 'போ' என்றுதான் கத்தினேன். அந்த நிமிடம், "நீ சொல்லு" என்றேன். அவள் அமுக்கினாள். மூன்று ஐம்பது. அந்நேரம் அவனைக் குழிக்குள் இறக்கியிருப்பார்கள். ஒரு பிடி மண் நான் போடவில்லை. மணி, இதுதான் பதில். கோபம் இல்லாமல் கிளம்பினேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அவனை நான் மன்னித்துவிட்டதாக எழுதினால் என்னை அறிந்த நீங்கள் நம்பமாட்டீர்கள். இத்தனை வருடம் எதிர்மேசையில் இருந்தவன் என்னிடம் சொல்லாமல் என் மகளிடம் சொல்லிவிட்டுப் போனான். நானும் ஒரு நாள்கூட, "ஏன்டா சொல்லல?" என்று கேட்கவில்லை.

அந்தப் பென்சில் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் அழகான கையெழுத்து. ஓய்வு பெறும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் அவன் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்றுதான் இத்தனை காலம் பத்திரப்படுத்தினேன். கிழிக்க மனம் வரவில்லை. வைத்திருக்கிறேன். காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.