சங்கரன் ஓரங்கட்டிய வண்டி

சாந்தோம் மாதாகோயில் பக்கம் மர்சலினைத் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆம்ப்ரோஸின் ஒரே மகள். அடையாறில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராக இருந்தாள். அவளோடு வண்டி ஓட்டியவர் ஆதம்பாக்கத்துச் சங்கரன். அவளைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

பன்னிரண்டு மணி நேரம் முடிந்தும் மாற்று ஆள் வராவிட்டால் அப்படியே தொடர்ந்து ஓட்டச் சொல்லக் கூடாது, பெண்களுக்குக் கழிப்பறையுள்ள ஓர் அறை வேண்டும் என்று இருவரும் மற்ற ஊழியர்களைத் திரட்டிக்கொண்டு போய் நிர்வாகத்திடம் கேட்டார்கள். கொஞ்ச நாளில் இருவருக்கும் மாற்றல் வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் ஆள் தேவை என்றார்கள்.

தேவை உண்மைதான். மலைமேல் சிதறிக் கிடந்த அத்தனை ஊர்களுக்கும் அந்த ஒரு வண்டி. அது நிற்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மர்சலின் மதியம்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினாள். மாற்று ஓட்டுநர் வேலையை விட்டுப் போய்விட, சங்கரன் நோயாளியின் படுக்கையிலேயே குட்டித் தூக்கம் போட்டு எழுந்து ஓட்டினார். பொங்கலுக்கு வருகிறேன் என்று மனைவி தாரணியிடம் சொல்லியிருந்தார். போக முடியவில்லை.

மாசி மாதம் ஒரு நண்பகலில், விறகு எடுக்கப் போன பள்ளிக்கூடச் சிறுமியை நல்ல பாம்பு கடித்துவிட்டது. வண்டியில் ஏற்றிக் கொஞ்ச தூரம் வருவதற்குள் அவளுக்கு மூச்சு அடங்கிக்கொண்டே வந்தது. மர்சலின் முகமூடியை வைத்து அழுத்தி, காற்றுப் பையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கையை எடுத்தால் சிறுமி போய்விடுவாள். பக்கத்தில் அவளுடைய அம்மா குப்பம்மா, மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மலைப்பாதை வளைவு ஒன்றைத் தாண்டியதும் வண்டி மெல்ல ஓரமாக நின்றது.

"மர்சி, நெஞ்சு ஒரு மாதிரியா கீது," என்று முன்னாலிருந்து சங்கரனின் குரல் கேட்டது. "வண்டிய ஓரங்கட்டிட்டேன். நீ புள்ளைய உட்டுறாத."

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அடுத்த நிலையத்தின் ஆம்புலன்ஸ் வேறு ஒரு நோயாளியோடு தூரத்து ஊரில் இருந்தது. பையை எப்படிப் பிசைய வேண்டும் என்று குப்பம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். அந்தத் தாய்க்கு இரண்டு முறை தவறியது, பிறகு பிடிபட்டது. அதன் பின்தான் மர்சலின் முன்னால் ஓடினாள். அதற்குள் சங்கரன் ஸ்டீயரிங்மேல் சாய்ந்திருந்தார். அவரை ரோட்டில் இறக்கிக் கிடத்தி நெஞ்சை அழுத்தினாள். தோள் இற்றுப்போகும்வரை அழுத்தினாள். அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்சை ஓட்டினார். சங்கரனை வண்டியின் தரையில் கிடத்திக்கொண்டு வழியெல்லாம் அவள் அழுத்திக்கொண்டே போனாள்.

சிறுமி பிழைத்தாள். சங்கரன் பிழைக்கவில்லை.

சங்கரன் இறந்தது பற்றிய விசாரணை தி.நகரில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. அந்த ஊருக்கு யாரும் போக மாட்டேன் என்கிறார்கள், நாங்கள் என்னம்மா செய்வது என்று அதிகாரி நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"படுக்க ஒரு எடமும் போக ஒரு பாத்ரூமும் இருந்தா வருவாங்க சார்," என்றாள் மர்சலின். "நாங்க கேட்டதும் அதான்."

அந்த நிலையத்துக்கு மாற்று ஓட்டுநர் ஒருவரைப் போட்டார்கள். ஓய்வறை கட்ட இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது வண்டி பற்றிப் பேச்சில்லை.

அதைச் சொல்லத்தான் அவள் ஆதம்பாக்கம் போனாள். தாரணி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மர்சலினும் மறைக்கவில்லை. அவர் கூப்பிட்டதற்கும் தான் போனதற்கும் நடுவே இருந்த நேரத்தையும் சொன்னாள்.

"அந்தப் புள்ள நல்லா கீதா?"

"நல்லா கீது அண்ணி. ஸ்கூலுக்குப் போவுது."

தாரணி காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "சந்தோசப்படணும்னுதான் பாக்குறேன் மர்சி. எனக்கு வரல. தப்பா நெனச்சுக்காத," என்றாள்.

மர்சலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

மர்சலினை மறுபடி அடையாறுக்கே மாற்றினார்கள். மறுக்காமல் வந்துவிட்டாள். அந்த மலைப்பாதையில் இனி ஒருமுறை போக அவளால் முடியாது.

குப்பம்மா எப்போதாவது போன் செய்வாள். போன வாரமும் செய்தாள். வண்டி வருகிறது, ஓட்டுகிறவர் மட்டும்தான் வருகிறார், தீக்காயம் பட்ட ஒருவரை ஏற்றியபோது பக்கத்தில் உட்கார ஆளில்லை என்றாள். "நீ எப்பம்மா வருவ?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள் மர்சலின். குப்பம்மா அதை நம்பி, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, போனை வைத்தாள்.