‘காலி இடம்’ என்று எழுதினேன்

1. எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கேட்டு நகராட்சியில் மனு கொடுத்தோம். வரைபடம் போட்டது நான்.
2. தெருக்கோடியில் நான்கு புங்கமரங்களும் ஒரு வேம்பும் நிற்கும் இடத்தில் ‘காலி இடம்’ என்று எழுதினேன். தெருவே கையெழுத்திட்டது.
3. கால்வாய் வந்தது.
4. போன மாதம், அதே வரைபடத்தை வைத்து, அந்தக் காலி இடத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகை என்று முடிவாயிற்று. மரங்களில் சிவப்பு பெயிண்டால் எண் போட்டார்கள்.
5. அளக்க வந்த அன்று, ஒன்றாம் எண் மரத்தடியில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் காக்களூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் வேலை. பெரும்பாலும் இரவு ஷிப்ட். திருவள்ளூர் பழைய ஊரில் வீடுகளுக்கு நடுவே கை நுழையவும் இடைவெளி கிடையாது. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலை பத்து மணிக்கு மேல் உள்ளே படுக்க முடியாது. சுற்றி நான்கு தெருக்களுக்கும் அந்த மரத்தடியை விட்டால் வேறு நிழலில்லை.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். ஆலைக்குள் மரம் செடி இருந்தாக வேண்டும் என்று விதி. அதனால் யாரும் கால் வைக்காத புல்தரைக்குக்கூட ‘பசுமைப் பகுதி’ என்று எழுதித்தான் அனுப்புவேன். எங்கள் தெருவை வரைந்தபோது, கட்டடம் இல்லாததெல்லாம் எனக்குக் காலியாகத் தெரிந்தது.

அளக்க வந்தவர் டேப்பை இழுத்துக்கொண்டே போய் அப்பாவின் கட்டில் காலில் இடித்து நின்றார்.

“யாருமா இது? எழுப்புங்க.”

எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே கத்தினார். “நைட்டு ஷிப்டு பாத்துட்டு வந்து படுத்துக்கினு கீறாரு. அவரையும் அளந்து கொட்டாயில சேத்துக்கப் போறியா?”

“நான் இன்னாக்கா பண்றது? காலி எடம்னு நீங்கதான எழுதிக் குடுத்துக்கீறீங்க.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அளக்க வந்தவர் கையிலிருந்த தாளில் என் எழுத்தைப் பார்த்தார்.

“நான் தூங்கிக்கினு கீற எடத்தையா காலின்னு எழுதுன?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மறுநாள் கிளைகளை வெட்டத் தொடங்கினார்கள். மூன்று பகல் ரம்பச் சத்தம். மூன்று நாளும் அப்பா தூங்கவில்லை. நான்காம் நாள் காலை ஒற்றைக் கையுறையோடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்றை மெஷின் இழுத்துக்கொண்டதாம்.

“ஒரு செகண்டு கண்ணு சொக்கிடுச்சு. ஒண்ணும் ஆவல.”

அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று லீவு போட்டுப் புது வரைபடம் வரைந்தேன். ஐந்து மரங்களின் சுற்றளவு, மதியம் நிழல் விழும் தூரம், கட்டில் கிடக்கும் இடம். பழைய மனுவில் கையெழுத்திட்ட எல்லாரும் மறுபடி போட வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். வீடு வீடாகப் போனேன். கடைசி வீட்டு ஆட்டோக்கார அண்ணன் மட்டும் பேனாவை வாங்கவில்லை.

“ரெண்டு தபா கண்ணாடிய ஒடச்சிட்டானுங்க. என் வண்டிய எங்க உடுறது, உங்கப்பா கட்டில் மேலயா?”

அவர் கேட்டது நியாயம்.

ஒரு கையெழுத்துக் குறைவாகவே மனுவைக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள். வேலையை நிறுத்த உத்தரவு இன்னும் வரவில்லை. மூன்று புங்கமரங்களில் கிளை இல்லை. வரும் திங்கட்கிழமை முதல் அப்பாவுக்கு மறுபடி இரவு ஷிப்ட்.