உப்புக்காற்றும் மூன்றாவது ஓலையும்

எங்கள் கடற்கரைக் கிறிஸ்தவப் பங்குகளில் திருவிழா மேடை ஏறும் எந்தக் குழுவுக்கும் அப்போது ஒரு விதி உண்டு. முதல் மூன்று பாட்டு மாதா பாட்டாக இருக்க வேண்டும். அதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பங்குச் சாமியார் எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகு மேடையில் நடப்பது அவர் பொறுப்பல்ல. 'உப்புக்காற்று' குழுவினரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் டிரம்ஸ் அடித்த அடியில் மாதாவே காதைப் பொத்திக்கொண்டிருப்பாள் என்று என் அம்மா சொல்வாள்.

ஒன்பது வயதிலிருந்து பதினொரு வயதுவரை நான் அந்தக் குழுவின் ரசிகை. ரசிகை என்பது நானாக வைத்துக்கொண்ட பட்டம். வீட்டில் பைத்தியம் என்றுதான் சொன்னார்கள். குழுவில் நான்கு பேர். பாடுகிறவர் ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தார். டிரம்ஸ்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். பேஸ் கிடார்காரர் கோவில் பாடகர் குழுவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். நான்காமவர்தான் கிடார் அண்ணன். விசைப்படகு இன்ஜின் பட்டறையில் மெக்கானிக். கறுப்புச் சட்டையை எவ்வளவு தேய்த்துப் போட்டு வந்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அந்தக் கிரீஸையும் சேர்த்துத்தான் நான் ரசித்தேன்.

அவர்களுக்கென்று சொந்தமாக ஏழு பாட்டு இருந்தது. அதில் ஒன்று இழுவைப் படகைப் பற்றியது. அவ்வளவு பெரிய கப்பலை இழுத்து வந்து கரையில் சேர்க்கிற சின்னப் படகை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வரும். அது வரும்போது நானும் கூடச் சேர்ந்து கத்துவேன். நாலுகோட்டு நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, எத்தனை கம்பி அறுந்தது என்றெல்லாம் எழுதி வைத்தேன். ஒருமுறை கிடார் அண்ணன் அறுந்த கம்பி ஒன்றைச் சுருட்டி மேடையிலிருந்து எறிந்தார். அதைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். துருப்பிடித்து மணிக்கட்டில் தடம் விழுந்ததும் அம்மா பிடுங்கிக் குப்பையில் போட்டாள். நான் திரும்பவும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

கச்சேரி நடக்கும் இடத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு இருபத்துநாலு வயது, கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். மணப்பாட்டுத் திருவிழா, எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு கட்டில் கடைத் திறப்பு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் வருவாள். குலசேகரன்பட்டினம் அம்மன் கோவில் தசராவில் அவர்கள் வாசித்தபோது, "வேதக்காரப் பிள்ளைக்குத் தசராவுல என்னளா வேல?" என்று அம்மா மறித்தாள். அத்தைதான் எனக்காகச் சண்டை போட்டாள். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் அவள் உட்காருவாள். மூன்றாவது மாதா பாட்டு முடிந்ததும் சில நாட்களில், "இங்கனயே இரு, இந்தா வந்துருதேன்" என்று எழுந்து போவாள். மூன்று பாட்டு கழித்து வருவாள். அவள் தவறவிட்ட பாட்டுகளுக்கு நேரே நோட்டில் புள்ளி வைத்துக்கொள்வேன். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதில்லை. கிடார் அண்ணன் எதிரே நிற்கும்போது அத்தை எங்கே போனால் எனக்கென்ன?

ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவளைப்போலக் கேட்கிற ஆள் கிடையாது. எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்லச் சொல்வாள். பாதியில் நான் தூங்கிவிழுந்தால்கூட எழுப்பி, "அதுக்கடுத்து என்ன பாடுனாவ?" என்பாள். உலகத்தில் உப்புக்காற்றுக்கு இரண்டு உண்மையான ரசிகைகள், அதில் ஒருத்தி என் அத்தை என்று நம்பினேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது அத்தைக்கு மணப்பாட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. கப்பலில் வேலை. விடுமுறையில் வந்திருந்தார். விடுமுறை முடிவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றார்கள். உனக்குச் சம்மதமா என்று அப்பா கேட்டதற்கு அத்தை தலையைத் தூக்காமல், "அண்ணன் பாத்து எது செஞ்சாலும் சரி" என்றாள். அந்தக் குனிந்த தலையை நான் விருப்பமில்லாத தலை என்று எடுத்துக்கொண்டேன். அம்மா என்னிடம், "அத்த போனப் பொறவு கச்சேரியும் கிடையாது கிச்சேரியும் கிடையாது, ஒழுங்காப் படி" என்றாள். எங்கள் பங்குத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. முதன்முதலாக உப்புக்காற்று எங்கள் மேடையிலேயே வாசிக்கப் போகிறது என்று பேச்சு.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் செருப்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் காதில் வாங்கினேன். முதல் ஓலை வாசித்த அன்றே மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம், தடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் என்ன என்று கேட்டேன். பாவம் என்றார் சிஸ்டர். கடவுளே வழி காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு சாமியார் அறைக்குப் போனேன். அத்தைக்கு ஒரு தடை இருக்கிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, என்ன தடை என்றார். கச்சேரி நடக்கும்போது என்னை விட்டுவிட்டுப் போவாள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "யாரப் பாக்கப் போவா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் தெரியாது என்றால் அது தடை ஆகாது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஆண்களில் கிடார் அண்ணனைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை. அத்தைக்கு ஒருவரைக் கொடுப்பதென்றால் அவரைத்தான் கொடுப்பேன். அவர் மாமாவாக வந்துவிட்டால் கச்சேரிக்கு யார் கூட்டிப்போவது என்ற கவலையே இல்லை, கச்சேரியே வீட்டுக்குள் இருக்கும். "கிடார் அண்ணனப் பாக்கத்தான் சாமி. அண்ணனும் நடுவுல மேடைய விட்டு எறங்கிப் போவாவ" என்றேன். சொன்ன நேரத்தில் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. அத்தைக்கு நல்லது செய்வதாகத்தான் இருந்தது.

அன்று மாலையே சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க். இறங்கும் சரக்கைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடமாட்டார். மறுநாள் பெரியப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு இன்ஜின் பட்டறைக்குப் போனார். போகிற வழியெல்லாம், பயத்தில், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். இதை இன்றைக்கு யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

கிடார் அண்ணன் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் திகைத்து எழுந்தார். "அந்தப் பிள்ளய எனக்குத் தெரியவே தெரியாது அண்ணாச்சி. யாரு சொன்னா ஒங்ககிட்ட?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்தார். மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

இரண்டு வருடம் முதல் வரிசையில், அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எறிந்த கம்பியை ரத்தம் கட்டக் கட்டப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவருக்கு என் முகம்கூடத் தெரியவில்லை.

"இவன்தானா?" என்றார் அப்பா. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அது வீட்டிலிருந்து கொண்டுவந்த பொய் அல்ல. அந்த இடத்தில், அவர்மேல் வந்த ஆத்திரத்தில், புதிதாகச் சொன்ன பொய். இத்தனை வயதுக்குப் பிறகும் இந்த இரண்டாவது பொய்க்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை.

பெரியப்பா அடித்தார். அப்பாவும் அடித்தார். பட்டறைக்காரர் தகராறு வேண்டாம் என்று அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். கொஞ்ச நாளில் அவர் கேரளப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கிடார் இல்லாமல் மற்ற மூவரும் இரண்டு மேடை ஏறிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எங்கள் பங்குத் திருவிழா கமிட்டி அந்த வாரமே உப்புக்காற்றின் பெயரை அடித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிவில் எல்லாரும் முதல்முறையாகச் செருப்பை மறந்துவிட்டு எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். விசாரணை என்று எங்கள் சாமியார் மணப்பாட்டுச் சாமியாருக்கு எழுத, அவர் பதில் எழுத, மாப்பிள்ளையின் விடுமுறை முடிந்துபோனது. வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

அத்தை அதன்பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டு மூன்று வரன்களும் ஓலை நின்ற பெண் என்று கேள்விப்பட்டதோடு போய்விட்டன. இப்போது அதே தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறாள். ஊருக்கெல்லாம் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள்.

சென்ற வருடம் யாரோ உப்புக்காற்றின் பழைய வீடியோ ஒன்றை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். மணப்பாட்டுக் கச்சேரி. முதல் வரிசையில் என் இரட்டைச் சடை தெரிந்தது. வெட்கமில்லாமல் அதை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் என் சடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு, மின்கட்டண ரசீதைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது அந்த மணப்பாட்டு மாப்பிள்ளையோடு. இரண்டு வருடப் பழக்கம். அவர் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப்போன சின்ன போனைப் பைக்குள் மறைத்து வைத்திருந்தாளாம். விரும்பிச் செய்கிற கல்யாணம் என்று தெரிந்தால் இரண்டு வீட்டிலும் நடக்க விடமாட்டார்கள் என்று, பெரியவர்களாகப் பார்த்து முடித்ததுபோலத் தரகர் மூலம் ஏற்பாடு செய்ததும் அவர்கள் இருவரும்தான். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்கும் நாளில் அவர் பத்து நிமிடம் பேசுவார். ஸ்பீக்கர் சத்தம் கேட்காத தூரத்துக்கு மணலில் கால் புதையப் புதைய நடந்து போகவும் வரவும்தான் மற்ற நேரம். பஸ்ஸில் பாட்டு வரிசையை என்னிடம் கேட்டது, வீட்டில் அப்பா கேட்டால் சொல்வதற்கு.

"நான் பொய் சொல்லுதேன்னு அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா அத்த?" என்றேன்.

"அப்போ நான் எங்க போனேன்னு கேப்பாவள்லா?" என்றாள் அத்தை. அதற்குள் ஆதார் அட்டையோடு யாரோ வந்துவிட்டார்கள்.

அவள் சொல்லாத ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. ஓலை நின்ற அந்த வாரம் ஒருநாள் மத்தியானம். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். உப்புக்காற்று திருவிழாவுக்கு வராது என்று அன்றுதான் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு, பாயில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தேன். அத்தை கையில் ஒரு போனோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் போன் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "ஒரு ஆளு கேக்குதாவ. நான் யாரயும் பாக்கப் போகலன்னு ஒரு வார்த்த சொல்லிருளா" என்றாள். அவள் கை வேர்த்திருந்தது.

சாமியார்தான் மறுபடி விசாரிக்கிறார் என்று நினைத்தேன். சொன்னதை மாற்றினால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. எதிர்முனையில் ஓர் ஆண் குரல், மிகவும் தணிந்து, "பத்து நிமிசத்துல திரும்பி வந்துருவாளாம்மா?" என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பொய் தேவைப்படவில்லை. எல்லாம் நோட்டில் எழுதியிருந்தது. "இல்ல. மூணு பாட்டு முடிஞ்சாத்தான் வருவாவ. மணப்பாட்டுல நாலு பாட்டு ஆச்சு" என்றேன்.

அத்தை போனை வாங்கிக் காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். யார் அத்தை அது என்று நான் கேட்கவில்லை. உப்புக்காற்றைத் திருவிழாவிலிருந்து எடுத்தது அவளால்தான் என்று, அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளோடு நான் பேசவே இல்லை.