மிரியம் மிஸ்ஸின் பள்ளியும் நான் எழுதிய ‘அ’வும்

பாலர் பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு இடுப்பு நோவது கண்டி ரோட்டு மேடுபள்ளத்தால் அல்ல, கேட்டுக்குக் கேட் நிறுத்திப் பெற்றோருக்குப் பதில் சொல்வதால்தான். இனி நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அடுத்த சரிவில் என் பிரேக் போகட்டும்! (அலவத்துகொட மேட்டில் என் வேன் டீசல் இல்லாமல் தானாக ஏறியதாகச் சொல்லியிருக்கிறேனே, அது வேறு விஷயம்.) என்னைப் போல் ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்துபோன அண்ணன் தம்பிகளுக்கு இது விளங்கும்.

வெள்ளிக்கிழமை மாவு

மிரியம் மிஸ் யூதப் பெண்மணி. அந்த இனத்தில் வேறொருவரைக் கண்டியில் நான் கண்டதில்லை. அம்பிட்டியவில் தன் வீட்டு முன்னறையிலேயே பள்ளி நடத்தினார். கல்யாணம் காட்சி இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் எல்லாம். தமிழையும் அவர்களிடமே படித்ததால் எழுபது வயதிலும் நாலு வயதுத் தமிழ்தான் பேசுவார். ஐந்து வயதுவரை பிள்ளை கையில் பென்சில் கொடுக்கக்கூடாது, விளையாடட்டும் என்பது அவர் சட்டம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவருக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதற்காகக் காலையிலேயே பாண் சுடுவார். பிள்ளைகள் மாவு பிசைந்து, மூன்று திரியாக உருட்டி, சடை பின்னுவார்கள். பின்னிய துண்டோடு மகள் வேனிலிருந்து இறங்கியதும் கட்டுகஸ்தோட்டை புடவைக்கடைக்காரர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்கண்ணே, நான் புள்ளய டாக்டராக்க அனுப்புறேன், நீங்க என்னா பேக்கரிக்கு ஆள் சேக்குறீங்களா?”

சனிக்கிழமை நடை

ஒரு முறை பிள்ளைகளின் கலைவிழாவுக்கு டவுனில் சனிக்கிழமைதான் மண்டபம் கிடைத்தது. ஓய்வு நாளில் மிஸ் வாகனத்தில் ஏறமாட்டார். அம்பிட்டியவிலிருந்து நடந்தார். தனியே விட மனமில்லாமல் வெறும் வேனை அவர் பின்னால் நத்தை மாதிரி உருட்டினேன். எனக்குப் பின்னால் பேராதனைவரை வாகனம் நின்றது. சரி, பேராதனை வேண்டாம், பத்து வாகனம்.

“ஏறுங்க மிஸ்.”

“மாட்டேன். நீ போ.”

முந்திப் போன திரீவீல்காரன் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்: “ஐயா, வேன் பழுதா, இல்ல அம்மா கோவமா?”

என் இடது கை

பக்கத்துத் தெருவில் இன்னொரு பள்ளி திறந்தார்கள். மூன்று வயதிலேயே எழுதக் கொப்பி, வீட்டுப்பாடம், வருடக் கடைசியில் பட்டமளிப்பு என்று கறுப்பு அங்கி, தொப்பி. எங்கள் பதினெட்டுப் பிள்ளைகள் பதினொன்றானார்கள். இன்னும் குறைந்தால் பள்ளியை மூட வேண்டியதுதான். மூடினால் மிஸ் எதற்காகக் காலையில் எழும்புவார்? ஆனாலும் பென்சில் விஷயத்தில் மனுஷி அசையவில்லை. கேட்டுக்குக் கேட் ஏச்சு வாங்கி எனக்குக் காது புளித்துவிட்டது.

நானே பதினொரு கொப்பி வாங்கினேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மர நிழலில் வேனை நிறுத்தி, இடது கையால், கோணல்மாணலாக ‘அ’ எழுதினேன். பக்கம் பக்கமாக. மிஸ்ஸுக்குத் தெரியாமல் பிள்ளைகளின் பையில் வைத்தேன். பெற்றோர் முகம் மலர்ந்தது. மூன்று மாதம் இப்படிப் போனது, தோள் கழன்றுவிட்டது.

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருநாள் கொப்பியோடு பள்ளிக்கே வந்து, மிஸ் முன்னால் அதை விரித்தார்.

“கொப்பளிப்பான் வந்து ரெண்டு கிழமை வீட்டில படுத்துக் கிடந்த என்ர பிள்ளை, அந்த நாளெல்லாம் இஞ்ச வந்து எழுதியிருக்கிறான், கெட்டிக்காரன்தான் என்ன?”

கூட்டம்

நான்தான் எழுதினேன் என்று மிஸ்ஸிடம் ஒப்புக்கொண்டேன்; வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். மிஸ் பெற்றோரைக் கூப்பிட்டு, தன் நாலு வயதுத் தமிழில் சொல்லிவிட்டார்: “இது எல்லாம் ராமையா எழுதினது. உங்க புள்ள எழுதல. இப்ப எழுதாது. விரல் இன்னும் குட்டி.”

அன்றைக்கே நான்கு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மிச்சம் ஏழு. கொப்பியைக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து அம்மாவே எழும்பவில்லை. மகனைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுத்தான் போனார். ஏழு பேரோடு பள்ளியை மூடாமல் நடத்தினார் மிஸ். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது கொப்பியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராமையா, உன் ‘அ’வுக்கு வயிறு பெருசு, வெள்ளிக்கிழமை வந்து மாவு பிசை.”

திங்கட்கிழமை

போன வருடம் ஒரு வியாழக்கிழமை விடிய மிஸ் போய்விட்டார். அவர் எழுதி வைத்தபடியே பூவில்லை, மேளமில்லை, வெறும் பலகைப் பெட்டி. பின்னேரத்துக்குள் அடக்கம் முடிந்தது. பள்ளியும் அத்தோடு சரி.

திங்கட்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் வேனை எடுத்துவிட்டேன். மடவளையில், அந்த ஏழில் ஒரு பிள்ளையின் தகப்பன் ரியாஸின் கடை வாசலில், மகன் சப்பாத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். நான் வாயைத் திறக்குமுன் ரியாஸ் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்:

“மிஸ் மௌத்தானது எனக்குத் தெரியும் அண்ணே, புள்ளைக்குச் சொன்னா வெளங்குதில்ல, ஒரு சுத்து கூட்டிப் போய்க் கொண்டாந்து விடுங்களே.”

மற்ற ஆறு கேட்டிலும் பிள்ளைகள் நின்றார்கள். ஆகவே, அன்று ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இல்லாத பள்ளிக்குப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டித் திரும்பிய கிறுக்கு டிரைவர் யாரென்று எவராவது விசாரித்தால், தயவுசெய்து என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.