நிகோலின் பெரிய கண்கள்

என் தம்பி ஏசுதாசன் கோலா கெடாவில் ஒரு மீன் பண்ணையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறான். சியாக்காப் மீன் வளர்க்கிற பண்ணை. அவன் வேலை குஞ்சுகளைப் பிரிப்பது. ஒரே நாளில் பொரித்தாலும் எல்லாம் ஒரே அளவில் வளராது, பெரியது சின்னதை விழுங்கிவிடும். அதனால் அடிக்கடி வலையில் அள்ளி, பெரியதை ஒரு தொட்டியிலும் சின்னதை ஒரு தொட்டியிலும் விட வேண்டும். சில குஞ்சுகளை எந்தத் தொட்டியிலும் விடமாட்டான். வாளியில் போட்டுவிடுவான். சாயங்காலம் அது வாத்துக்குப் போகும்.

அவன் மனைவி பேட்ரிசியா சிறுநீரகம் கெட்டு இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அடக்கத்தன்று அவன் அழவில்லை. மறுவாரமே வேலைக்குப் போனான். அதிலிருந்து எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பான். மழை வருகிறது என்றாலும் சரிக்கா, நாசமாய்ப் போ என்றாலும் சரிக்கா. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே மகள், நிகோல். ஒன்பது வயது. மெர்கோங் வீட்டில் தகப்பனும் மகளும்தான். எனக்கு சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து அவளைப் பூசைக்குக் கூட்டிப்போவேன். கோயில் வாசலில் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். "மூஞ்சி முழுக்கக் கண்ணுதான் லா இந்தப் பிள்ளைக்கு" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. மை தீட்டி இன்னும் பெரிசாக்கிவிடுவேன். பிள்ளை மெலிந்தபோது, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். பாதர் கேட்டால் திட்டுவார், திட்டட்டும். பேட்ரிசியா கடைசியாக வாங்கிய கிறிஸ்துமஸ் சட்டை இன்னும் அவளுக்கு அளவாகப் பொருந்தியது. அதில் எனக்குச் சந்தோஷம் வேறு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் நிகோலும் பண்ணைக்குப் போனோம். நிகோல் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுங்கள ஏம்பா தனியா போட்டிருக்கீங்க?"

"இதுங்க வளராதும்மா."

"எப்படித் தெரியும்?"

அவன் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "கண்ணப் பாரு. தீனி எடுக்கலன்னா ஒடம்பு நின்னுபோயிரும். தலையும் கண்ணும் மட்டும் கொஞ்சங் கொஞ்சமா வளந்துகிட்டே இருக்கும். சின்ன ஒடம்பு, பெரிய கண்ணு. அப்படி இருந்துச்சுன்னா..."

நிறுத்திவிட்டான். பிள்ளை அவன் கைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நான் தீட்டிய மை. அவன் மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, அவ அம்மா வாங்கின சட்டைய இன்னுமா போடுறா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் அவளிடமே கேட்டான். "அப்பா வாங்கி வைக்கிற சோத்துப் பொட்டலத்த சாப்பிடுறியா இல்லையா?"

"கொஞ்சம் சாப்பிடுவேன். மிச்சம் பூனைக்கு. நீங்க வந்ததும் சேந்து சாப்பிடலாம்னு இருப்பேன். நீங்க வந்ததும் படுத்துருவீங்க."

குறை சொல்வதுபோல்கூட அவள் சொல்லவில்லை.

மறுநாள் கிளினிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு வருடத்தில் ஒரு விரற்கடைதான் உயர்ந்திருக்கிறாள். நோய் எதுவும் இல்லை, சாப்பாடுதான் இல்லை, இனிமேலும் வளரலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "மீனுக்கு கண்ணு அப்படி ஆயிட்டா, அப்புறம் திரும்பாதுக்கா."

"இவ மீன் இல்லடா."

"சரிக்கா."

வாயால் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். சோறு வடித்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான். பேச்சு கிடையாது. அவன் ஒரு வாய் வைத்தால் அவளும் ஒரு வாய் வைப்பாள். ஞாயிறுதோறும் நான் அந்தச் சட்டையை அவளுக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, பொருந்தியது. அது பொருந்துவதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, முதுகுப் பொத்தான் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன். "தள்ளுக்கா" என்று தம்பி வந்து இழுத்தான். அவளை மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் இழுத்தான். ஒரு விரல் இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான்.

"போட முடியலக்கா" என்றான்.

பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, பேட்ரிசியாவுக்கு அழாததையும் சேர்த்து அழுதான்.

நிகோல் பயந்துபோனாள். "அம்மா சட்டைய நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். "பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."